மச்சான் காருக்கு என்ன வர்ணம்?

என் மச்சான் குத்புதீன் ஒரு சட்டைத் துணி எடுக்கப் போனால் முதலில் கடைக்காரரைக் கேட்பார். பிறகு பக்கத்துக் கடைக்காரரைக் கேட்பார். அதுவும் போதாமல் துணியை வெளிச்சத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்து, வீதியோடு போகிற யாரையாவது நிறுத்தி, "இது நமக்கு எடுப்பா இருக்குமாங்க?" என்பார். ஆளுக்கொன்று சொல்வார்கள். மச்சான் எல்லாருக்கும் தலையை ஆட்டிவிட்டு, துணியே வாங்காமல் வீடு திரும்புவார். என் அக்கா வஹீதாவை அவருக்குக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். பெரிய கடைவீதியில் நான் சுருட்டுக் கடை வைத்திருக்கிறேன். தினமும் பிடிக்கிற அதே சுருட்டை வாங்க வந்தால்கூட, "இன்னைக்கு எது நல்லா இருக்கு மாப்ள?" என்றுதான் ஆரம்பிப்பார். எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறும்.

இப்படிப்பட்ட மனிதர் தம் ஆயுளில் ஒரே ஒரு காரியத்தை யாரையும் கேட்காமல் செய்தார். கார் வாங்கினார்.

அதுவரை ஒரு காண்டிராக்டரிடம் டிரைவராக இருந்தார். ஊரான் வண்டியைத் துடைத்துத் துடைத்துக் கை தேய்ந்ததுதான் மிச்சம் என்று புலம்புவார். பொன்மலையில் ரயில்வே உத்தியோகத்தில் இருந்த ஒரு வெள்ளைக்காரர் சீமைக்குத் திரும்புகிறபோது தம் காரை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போனார். அமெரிக்காவில் செய்த பெரிய வண்டி, திறந்த கார். வேண்டும்போது மேலே கித்தான் கூரையை இழுத்துவிட்டுக்கொள்ளலாம். எஞ்சினைக் கேட்டால் சின்னப் பூனை உறுமுகிற மாதிரிதான் சத்தம் வரும். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் வர்ணம்? அல்லாஹ்தான் காப்பாற்ற வேண்டும். மேலே நீலம். பொன்மலை வெயிலில் அது பொருக்குப் பொருக்காக உரிந்து, உள்ளே மாந்தளிர் சிவப்பு தெரிந்தது. சிவப்பும் உரிந்த இடத்தில் சாம்பல். அதுவும் போன இடத்தில் தகரம். விரலை வைத்துத் தேய்த்தால் நகத்தோடு ஒரு சில்லு வந்தது. காக்கை எச்சம் விழுந்த இடங்கள் தனி.

மச்சான் அதை நேராக நத்தர்வலி தர்காவுக்கு ஓட்டிக்கொண்டு போய் பாத்திஹா ஓதி, முன்பக்கம் மல்லிகைச் சரம் சுற்றி, பக்கத்துத் தெருவில் இருக்கும் தம் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். தெருவே கூடிவிட்டது. நானும் கடையைப் பூட்டிவிட்டு ஓடினேன். மச்சான் ஹாரனை அமுக்கி, "வஹீதா, ஏறு! ஆத்துப் பாலம் வரைக்கும் ஒரு நடை போயிட்டு வரலாம்" என்று கத்தினார். முகமெல்லாம் பல்.

அக்கா வெளியே வந்தாள். வாசல்படியில் நின்றபடியே வண்டியை முன்னிருந்து பின்வரை ஒரு பார்வை பார்த்தாள்.

"சொறி புடிச்ச நாய் மாதிரி இருக்கு. நான் இதுல ஏற மாட்டேன்" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன் என்பதை மறைப்பானேன். மச்சான் மட்டும் சிரிக்கவில்லை. உரிந்த நீலத்தைக் கையால் தடவிக்கொண்டே நின்றார். பெயிண்ட் ஒட்டிக்கொள்ளுமா என்று பார்ப்பவர் போல இருந்தார்.

ஏதோ அன்றைக்குக் கோபம், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்றுதான் நாங்கள் நினைத்தோம். என் அக்காவைப் பற்றி நான் நன்றாகத் தெரிந்துவைத்திருப்பதாக ஒரு நினைப்பு. அவள் ஏறவில்லை. பெருநாளைக்கு ஏறவில்லை. பல்வலிக்கு டாக்டரிடம் போகும்போது ஏறவில்லை. வீங்கின கன்னத்தோடு நடந்தே போய்விட்டு வந்தாள். எங்கள் அம்மாவைப் பார்க்க உறையூருக்குப் போக வேண்டுமென்றால், வீரமலையின் ஜட்கா வண்டியைக் கூப்பிட்டு, வெள்ளைத் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு அதில் ஏறிப் போனாள்.

அப்போது மச்சான் என்ன செய்தார் தெரியுமா? காரை எடுத்துக்கொண்டு ஜட்காவுக்குப் பின்னாலேயே போனார். நான் அதில் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். முன்னால் குதிரை தன் இஷ்டத்துக்கு நடக்கிறது. பின்னால் அமெரிக்காக் கார் அந்த நடைக்கே ஊர்கிறது. வீரமலைக்குக் கொண்டாட்டம். வேண்டுமென்றே கடிவாளத்தை இழுத்துப் பிடித்தான். இரண்டு பக்கத்துக் கடைக்காரர்களும் வெளியே வந்து நின்று பார்த்தார்கள். "அந்த வண்டியை முந்திக்கிட்டுப் போங்களேன் மச்சான், மானம் போகுது" என்றேன். "நடுவழியில குதிரை மிரண்டுச்சுன்னா என்ன பண்றது? அவ உள்ள இருக்கா இல்ல?" என்றார் மச்சான்.

குதிரை மிரளவில்லை. அப்படி ஊர்ந்து ஊர்ந்து போனதில் கார்தான் கொதித்துப் போய், உறையூர் எல்லையில் மூக்கு வழியாகப் புஸ்ஸென்று ஆவியைக் கக்கிக்கொண்டு நின்றது. வீரமலை இறங்கி வந்து, குதிரைக்கு வைத்திருந்த வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து காருக்கு ஊற்றினான். "பாவம், குடிக்கட்டுங்க" என்றான். ஜட்காவின் திரைக்குள்ளிருந்து அக்கா சிரிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. மச்சானுக்கும் கேட்டிருக்கும்.

தொழில் என்னவோ நன்றாகத்தான் நடந்தது. திறந்த கார் என்றால் மாப்பிள்ளை அழைப்புக்கு உயிரை விடுவார்கள். ஸ்ரீரங்கத்தில் ஜானவாசம் என்றால் மச்சான் வண்டி. பாலக்கரையில் கிறிஸ்தவக் கல்யாணம் என்றாலும் மச்சான் வண்டி. ஊர்வலம் எல்லாம் இருட்டிய பிறகு காஸ் லைட் வெளிச்சத்தில்தான். வண்டி மேல் பூச்சரம், வாழைக்கன்று, சரிகைக் காகிதம் என்று கட்டிவிட்டால் உள்ளே நீலமா சாம்பலா என்று யாருக்குத் தெரியப் போகிறது? "மாப்பிள்ளை மூஞ்சியப் பார்ப்பாங்களா, மட்கார்டைப் பார்ப்பாங்களா?" என்று மச்சான் எங்களைக் கேட்பார். கேட்டுவிட்டு, நாங்கள் என்ன சொல்கிறோம் என்று முகத்தையே பார்ப்பார்.

ஆனால் ஜட்கா ஊர்வலம் நடந்த பிறகு பேச்சு கிளம்பிவிட்டது. வண்டி பேசவருகிறவர்கள் வாடகையைப் பேசி முடித்துவிட்டுக் கடைசியில் ஒரு வார்த்தை விடுவார்கள்: "ஏன் பாய், உங்க வீட்டம்மாவே இதுல ஏற மாட்டேங்கறாங்களாமே, நெசமா?" மச்சான் சிரித்து மழுப்புவார். பிறகு நேராக என் கடைக்கு வந்து, சுருட்டைப் பற்றவைக்காமல் வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஊரான் பெண்டாட்டிகளையெல்லாம் ஏற்றிக்கொண்டு போகிறார், சொந்தப் பெண்டாட்டி ஏற மாட்டேன் என்கிறாள். அது அவரை உள்ளே அரித்தது. எனக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. அவர் ஊமைக்குசும்பர் இல்லை, கெட்டவர் இல்லை. அக்கா மேல் உயிரையே வைத்திருந்தார். அதை எப்படிக் காட்டுவது என்பதைத்தான் யாரையும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

இந்த நிலையில் தொட்டியத்தில் எங்கள் தங்கை கமர் ஜஹான் வீட்டில் கல்யாணம் வந்தது. அவள் மூத்த மகளுக்கு நிக்காஹ். மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் பெண்ணின் பெரியப்பாவான மச்சானின் கார் என்று முதலிலேயே பேச்சு. கமர் ஜஹான் ஆள் மூலம் சொல்லியனுப்பினாள்: "மச்சான் வண்டி வந்தே ஆகணும். அக்கா அதுல வந்து இறங்கணும். சம்பந்தி வீட்டுக்காரங்க எல்லாம் பார்த்துக்கிட்டு இருப்பாங்க."

அக்கா அதைக் கேட்டுவிட்டு, "கார் போகட்டும். நான் பஸ்ஸுல வர்றேன்" என்றாள்.

காருக்குச் சொந்தக்காரர் பெண்டாட்டி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து இறங்கினால் சம்பந்திகள் என்ன பேசுவார்கள்? மச்சான் முகம் செத்துவிட்டது. அன்றே என் கடைக்கு வந்து, "மாப்ள, வண்டிக்குப் பெயிண்ட் அடிச்சுடலாமா? நீ என்ன சொல்றே?" என்றார்.

"அடிச்சுத் தொலைங்க மச்சான். இதைச் சொல்ல நான் வேணுமா?" என்றேன்.

அந்தப் பதிலோடு அவர் நேரே பெயிண்டரிடம் போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. அவர் போனது ஊர்வலம்.

முதலில் பொன்மலைப் பட்டறையில் தமக்குத் தெரிந்த தைரியராஜ் என்ற ஃபிட்டரைக் கேட்டார். பட்டணத்தில் துப்பாக்கி மாதிரி ஒன்றை வைத்துக் காற்றோடு பெயிண்டைப் பீய்ச்சி அடிக்கிறார்கள், கண்ணாடி மாதிரி இருக்கும், வண்டியைப் பட்டணத்துக்கு அனுப்பு என்றான் தைரியராஜ். பாலக்கரை செபஸ்தியானைக் கேட்டார். செபஸ்தியான் மாதாகோவில் சப்பரத்துக்கும் கடைவீதிப் பலகைகளுக்கும் வர்ணம் அடிக்கிறவன். துப்பாக்கியெல்லாம் பட்டாளத்துக்காரனுக்கு, பெயிண்ட் என்றால் பிரஷ்தான் என்று அடித்துச் சொன்னான். ஆனால் பழைய வர்ணம் முழுவதையும் சுரண்டி எடுத்தாக வேண்டும் என்றான். மச்சான் அதற்கும் பயந்தார். "சுரண்டிப் பார்த்து உள்ள தகரமே இல்லேன்னா? இப்ப பெயிண்ட்தானே புடிச்சு வெச்சிருக்குது?" என்றார். அடிக்கலாமா, வேண்டாமா? அதற்கே இரண்டு வெள்ளிக்கிழமை தொழுகை கழிந்துவிட்டது.

கடைசியில் சுரண்டாமல் மேலாகத் தேய்த்துவிட்டு அடிப்பது என்று முடிவானது. சரி, என்ன வர்ணம்?

மச்சானுக்குப் பச்சை மேல் ஆசை. தர்காப் போர்வை நிறம். அதற்கு ஒருவர் சம்மதம் வேண்டுமே என்று, தை மாத ஜானவாசத்துக்கு வண்டி பேசியிருந்த ஸ்ரீரங்கம் அழகியமணவாளன் என்ற வாத்தியாரைத் தேடிச் சித்திரை வீதிக்குப் போனார். நானும் கூடப் போனேன். வாத்தியார் ஊஞ்சலில் உட்கார்ந்து நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

"பச்சை பேஷா அடிக்கலாம், குத்புதீன். பெருமாள் திருமேனி வர்ணம்னா அது! கறுப்பு மட்டும் வேண்டாம், மங்கள காரியத்துக்கு ஆகாது. அதுவரைக்கும் உரிஞ்ச இடத்தையெல்லாம் திரை போட்டு மறைச்சுடுமேன். தைலக்காப்பு சமயத்துல பெருமாளே திருமேனியை மறைச்சுண்டு முகத்தை மட்டும்தானே..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். "அபசாரம், அபசாரம். மோட்டார் வண்டிக்குப் போய் எதைச் சொல்றேன் பாரும்" என்று இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். மச்சானும் என்ன ஏதென்று தெரியாமல் கூடவே போட்டுக்கொண்டார்.

தர்காவும் பெருமாளும் பச்சைக்கு ஒத்துக்கொண்ட பிறகு வேறு என்ன வேண்டும்? நான் நிம்மதியாக மூச்சுவிட்டேன். மறுவாரம் கமர் ஜஹானிடமிருந்து ஆள் வந்தது. "பச்சை வேணாம் மச்சான். எங்க ஊர்ல வாழைத்தார் ஏத்துற லாரி எல்லாம் பச்சைதான். காய் ஏத்த வந்திருக்குன்னு நெனைச்சுக்குவாங்க." போயிற்று பச்சை. செபஸ்தியான் கிறிஸ்தவக் கல்யாணங்களுக்கு எடுபடும் என்று பாலேடு நிறம் சொன்னான். ஸ்ரீரங்கத்து வாத்தியார் வீட்டு மாமி மஞ்சள்தான் மங்களம் என்றாள். வீரமலையைக்கூட விடவில்லை. வந்த நீலத்தையே போடுங்க, வண்டிக்கு அடையாளம் தெரியணும் இல்ல என்றான் அவன். என்னைக் கேட்டபோது எனக்குச் சலித்துப்போயிருந்தது. "சுருட்டு நிறம் அடிங்க. தூசி தெரியாது" என்றேன். அதையும் மனசில் குறித்துக்கொண்டார்.

செபஸ்தியானிடம் ஒரு வழக்கம் உண்டு. மாதிரி காட்டாமல் வேலையை ஆரம்பிக்க மாட்டான். அதுவும் பலகையில் காட்ட மாட்டான், வர்ணம் அடிக்க வேண்டிய சாமான் மேலேயே அடித்துக் காட்டுவான். சப்பரமானாலும் சரி, சோடாக்கடைப் பலகையானாலும் சரி. "அந்தந்த சாமான்ல அந்தந்தக் கலர் வேற மாதிரி தெரியும், மொதலாளி" என்பான். ஒரு காலைப்பொழுது வந்து இடதுபக்கக் கதவில் பச்சை, வலதுபக்கக் கதவில் பாலேடு, முன்மூடியில் சுருட்டு நிறம், ஒரு மட்கார்டில் மஞ்சள், இன்னொன்றில் நீலம் என்று பெரிது பெரிதாக அடித்தான். "நல்லாப் பாருங்க. எதுன்னு சொல்லியனுப்புங்க. மிச்சத்தை மூடிடலாம்" என்று சொல்லிவிட்டு, மாதாகோவில் திருவிழாவுக்குச் சப்பர வேலை இருக்கிறதென்று போய்விட்டான்.

வேறு எந்த மனிதனாக இருந்தாலும் ஐந்தில் ஒன்றைக் கைகாட்டியிருப்பான். மச்சானோ ஐந்தையும் ஊருக்குக் காட்டினார். வாசலில் வண்டியை நிறுத்திவைத்துப் போகிறவர் வருகிறவரை எல்லாம் கேட்டார். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கட்சி சேர்ந்தது. தொழுகைக்குப் போகிறவர்கள் பச்சையில் நின்றார்கள், கடைவீதிக்காரர்கள் சுருட்டு நிறத்துக்கு வந்தார்கள். தெருவில் ஒரு நாள் சண்டையே நடந்தது. இவ்வளவு அமர்க்களத்திலும் அக்கா வாசலுக்கு வந்து பார்க்கவில்லை. உள்ளே அம்மி அரைக்கிற சத்தம் மட்டும் வழக்கத்தைவிடப் பலமாகக் கேட்டது. அதுவும் எங்கள் காதில் ஏறவில்லை.

கல்யாணத்துக்குப் புறப்படுகிற காலையும் வந்துவிட்டது. வண்டியின் மேல் ஐந்து நிறமும் அப்படியே இருந்தன, இடையிடையே பழைய சொறியும் இருந்தது. முன்னால் வெறும் சொறி நாய்; இப்போது சொறி நாய்க்குப் பல நிறத்தில் மருந்து போட்ட மாதிரி இருந்தது. பின்சீட்டில் சீர்த்தட்டுகளையும் பலகாரக் கூடைகளையும் அடுக்கிவிட்டு நான் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

அக்கா துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, கையில் ஒரு மூட்டையோடு வெளியே வந்தாள். கதவைப் பூட்டினாள். வண்டியைத் தாண்டி பஸ் நிற்கிற பக்கம் நடந்தாள்.

மச்சான் குறுக்கே ஓடினார். "வஹீதா, கொஞ்சம் நில்லு. சத்தியமாப் பெயிண்ட் அடிச்சுடுறேன். எந்தக் கலர்னுதான் இன்னும் முடிவாகல. ஊரைக் கேட்டுக்கிட்டே இருக்கேன்."

அக்கா நின்றாள். "யார் யாரைக் கேட்டீங்க?"

கேட்டாளே என்று மச்சானுக்குச் சந்தோஷம். விரலை மடக்க ஆரம்பித்தார். "பொன்மலை தைரியராஜைக் கேட்டேன். செபஸ்தியானைக் கேட்டேன். ஸ்ரீரங்கம் வாத்தியார் சாமியைக் கேட்டேன், அவங்க வீட்டு மாமியைக் கேட்டேன். ஒன் தம்பியைக் கேட்டேன். கமர் ஜஹானைக் கேட்டேன். வீரமலையைக் கேட்டேன்..."

அக்கா மூட்டையை மறுகைக்கு மாற்றிக்கொண்டாள். இன்னும் ஏதோ வரும் என்று காத்திருக்கிற மாதிரி நின்றாள். அந்த நிமிஷம் எனக்குப் பொறியில் தட்டியது. மச்சானைப் பார்த்துக் கண்ணைக் காட்டினேன், கையைக் காட்டினேன். அவர் நான் ஞாபகப்படுத்துகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

"ஆமா, மறந்துட்டேன். பால்காரரைக் கேட்டேன்" என்றார்.

"பால்காரரையும் கேட்டீங்க" என்றாள் அக்கா.

"ஆமா."

"இந்த வீட்டுக்குள்ள ஒருத்தி இருக்காளே, அவளைக் கேட்டீங்களா?"

மச்சான் மடக்கிய விரல்களோடு அப்படியே நின்றார்.

"பெயிண்ட் போன வண்டின்னா எனக்கென்னங்க?" என்றாள் அக்கா. குரல் உயரவில்லை. "நான் பொறந்ததுலேருந்து ஜட்காவுல போறவ. அதுக்கு என்ன பெயிண்டா அடிச்சிருக்கு? சட்டைத்துணிக்கு ஊரைக் கேக்குறீங்க. சுருட்டுக்கு இவனைக் கேக்குறீங்க. வண்டி வாங்கறப்ப என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? வாசல்ல கொண்டாந்து நிறுத்திட்டு 'ஏறு'ன்னீங்க. ஆட்டுக்குட்டியா நானு? 'வாங்கட்டுமா வஹீதா'ன்னு கேட்டிருந்தா, அன்னைக்கே இதே வண்டியில ஏறி ஆத்துப் பாலத்துக்கு வந்திருப்பேன்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கூடப் பிறந்தவன் நான். பல்வலியோடு நடந்தபோதுகூட இவள் பிடிவாதக்காரி என்றுதான் நினைத்தேனே தவிர, ஏன் என்று ஒரு தரம் கேட்கத் தோன்றவில்லை. ஊரில் அத்தனை பேரோடும் சேர்ந்து நானும் நிறம் சொல்லிக்கொண்டு இருந்தேன்.

மச்சான் அவளைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், பழக்கதோஷம். என்னிடம் கேட்க வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார். அக்கா பக்கம் திரும்பி, மெதுவாக, "வர்றியா வஹீதா?" என்றார்.

என் அக்காவிடம் அவர் எதையும் கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கேட்கத் தெரியாத மனிதர் இல்லையே, ஊரில் அவரைப்போலக் கேட்கிறவர் கிடையாது. ஆனாலும் அந்த ஒரு சொல்லைக் கேட்க அவருக்கு இத்தனை நாள் ஆயிற்று.

"இதையும் யாரையாவது கேட்டுட்டுத்தான் கேக்குறீங்களா?" என்றாள் அக்கா.

"இல்ல."

அக்கா மூட்டையை என் மடியில் வைத்தாள். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். மாடு வாங்க வந்தவர் பார்ப்பது போல ஒவ்வொரு நிறமாக நின்று பார்த்தாள், மஞ்சளை நகத்தால் கீறிப் பார்த்தாள். பிறகு என் பக்கம் வந்து, "ரஹீமு, நீ பின்னாடி போ" என்றாள்.

"பின்னாடி எங்கேக்கா எடம்? சீர்த்தட்டா இருக்கு."

"மடியில வெச்சுக்க."

முன்சீட்டில் மச்சானுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். எங்கள் தெருவில் அந்தக் காலத்தில் பெண்பிள்ளைகள் கூரை இழுத்துவிட்ட பின்சீட்டில் உட்காருவதே பெரிய விஷயம். இவள் திறந்த காரில், துப்பட்டியை நெற்றிவரை இழுத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். தெரு மூக்கின் மேல் விரலை வைத்தது. மச்சான் வண்டியை எடுத்த வேகத்தில் பலகாரக் கூடை என் மேல் சாய்ந்து, தொட்டியம் போய்ச் சேரும்வரை நான் நெய் மணத்தோடு போனேன். அதைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

காவிரிப் பாலத்தில் காற்று அடித்தது. மச்சான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே, "என்ன கலர் அடிக்கலாம் வஹீதா?" என்று கேட்டார்.

அக்கா ஆற்றைப் பார்த்துக்கொண்டே வந்தாள். வண்டி ஸ்ரீரங்கம் தாண்டி, கொள்ளிடமும் தாண்டியது. "யோசிச்சுச் சொல்றேன்" என்றாள்.

தொட்டியத்தில் சம்பந்தி வீட்டார் வாசலுக்கு வந்து வண்டியைப் பார்த்தார்கள். பார்த்த முகத்தில் கேலி தொடங்கியது. "என்னங்க இது, ஒரே வண்டியில இத்தனை கலரு?" என்றார் சம்பந்தி. மச்சான் கதவைத் திறந்து அக்காவை இறக்கிவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "வீட்டுல யோசிச்சுக்கிட்டு இருக்காங்க" என்றார். ஏதோ கலெக்டர் கையெழுத்து வர வேண்டியிருக்கிறது என்பது போலச் சொன்னார். சம்பந்தி எங்களை உள்ளே அழைத்துக்கொண்டு போனார். ராத்திரி அதே வண்டியில் மாப்பிள்ளை ஊர்வலம் போயிற்று.

அதன் பிறகு யார் கேட்டாலும் அதே பதில்தான். தை மாதம் ஸ்ரீரங்கத்து ஜானவாசத்துக்கும் வண்டி ஐந்து நிறத்தோடேயே போனது. பச்சை என்ன ஆயிற்று என்று அழகியமணவாளன் கேட்டதற்கும் "வீட்டுல யோசிக்கிறாங்க சாமி"தான். செபஸ்தியான் ஆள் மேல் ஆள் அனுப்பி அலுத்துப்போனான். வண்டி பேசவருகிறவர்கள் யாரும் பழைய கேள்வியைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மச்சான் சந்தோஷமாகப் பதில் சொல்லியிருப்பார், ஏனென்றால் உறையூருக்கும் தர்காவுக்கும் அக்கா இப்போது காரில்தான் போய்வந்தாள். வண்டி புறப்படும்போதெல்லாம் மச்சான் கேட்பார்: "யோசிச்சியா?" அக்கா சொல்வாள்: "யோசிக்கிறேன்." அப்படியே பேச்சு வேறெதற்காவது போய்விடும். என்ன குழம்பு, எந்த வழி, வீட்டுக் கூரை மாற்றலாமா, காண்டிராக்டர் மறுபடியும் கூப்பிடுகிறாரே போகலாமா. எல்லாவற்றையும் அவளிடம் கேட்கிற பழக்கம் மச்சானுக்கு வந்துவிட்டது. என் கடைக்கு வந்தால்கூட எதையும் கேட்காமல் சுருட்டை எடுத்துப் பற்றவைத்துக்கொண்டு போவார். எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

சீமையில் சண்டை வந்து பெட்ரோல் கிடைக்காமல், வண்டி பாதி நாள் வாசலிலேயே நிற்கத் தொடங்கியபோதும் அதே ஐந்து நிறம்தான். அவையும் இப்போது உரிய ஆரம்பித்திருந்தன. எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு மத்தியானம் சாப்பிடப் போனபோது, மச்சான் கைகழுவப் போன நேரம் பார்த்து, "ஏங்கா, இன்னும் எத்தனை வருஷம் யோசிப்பே? ஒரு கலரைச் சொல்லித் தொலையேன்" என்றேன்.

அக்கா எனக்குச் சோறு போட்டுக்கொண்டே கொல்லைப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். மச்சான் வருகிறாரா என்று பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"சொல்லிட்டேன்னா அப்புறம் கேக்க மாட்டாரேடா."